தண்ணீரில் அழியாத பொட்டு

சப்மெர்சிபிள் மோட்டாருக்கு நான் வைக்கும் பொட்டு தண்ணீரில் அழியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் போர்வெல் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்றப் பட்டறைக்காரர்கள் மோட்டாருக்குள் தாமிரக்கம்பிக் காயில் கட்டி முடித்ததும் சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தைத் தொட்டு, ஒரு பொட்டு வைத்து அனுப்பிவிடுவார்கள். இருநூறு அடி ஆழத்துக்குள் இறங்கினால் அது அரை மணி நேரம் தாங்காது. கரைந்துபோகும். அதற்கப்புறம் அந்த இருட்டுக்குள் மோட்டாருக்கு யார் துணை? எனக்கு இந்தக் கேள்வி ரொம்ப நாளாக மனதில் கிடந்தது.

ஒருநாள் காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷில் கொஞ்சம் எடுத்து, சந்தனப் பொடியும் குங்குமமும் போட்டுக் குழைத்து வைத்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்ததும் கல்லாகிவிட்டது. பல வருஷம் கழித்து ரிப்பேருக்கு மேலே எடுத்த மோட்டாரில் இரும்பு துருவேறியிருந்தது, தாமிரம் கருகியிருந்தது. பொட்டு மட்டும் வைத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. அன்று கோவிலுக்குப் போய், “சுவாமி, நீ கேட்காமலே சொல்லிக் கொடுத்துவிட்டாய்” என்று விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பொட்டுதான் தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் கப்பல்படைக்காகச் செய்த வண்டி ஒன்றை மணிமுத்தாறு அணைக்கு அடியில் கொண்டுபோய்ச் சொருகியது. அதைத்தான் எழுதப்போகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுவது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தை மாதம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். பட்டறை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே ஒரு அம்மா இறங்கினார். பருத்திச் சேலை, கையில் ஒரு தோல் பை. அதிகாரி மாதிரி இருந்தது, ஆனால் வாயைத் திறந்ததும் நம்ம ஊர்.

“அண்ணாச்சி, களக்காட்டுல எங்க சித்தப்பா வாழைத்தோட்டத்துக்கு நீங்க கட்டிக் கொடுத்த மோட்டார் ஆறு வருஷமா ஓடுது. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகல. அது எப்படி?”

“அது சுவாமி கிருபை.”

“சுவாமி கிருபை சரி. சீல் என்ன போட்டிய?”

அப்போதே எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. பாளையங்கோட்டைக்காரர். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். இந்த அம்மா பெரிய படிப்பெல்லாம் படித்து ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய வேலையில் இருந்தார். ஆள் இல்லாமல் கடலுக்கு அடியில் தானே போய், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் தானே திரும்பிவரும் ஒரு வண்டியைச் செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் செய்யப்போகிறது பஸ் நீளம் இருக்குமாம். அதற்கு முந்தி ஒத்திகை பார்க்க இருபத்தைந்து அடியில் ஒன்று செய்திருந்தார்கள். கடலில் விடுவதற்கு முன்னால் அலை இல்லாத தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மணிமுத்தாறு அணைக்கு வந்திருந்தார்கள். வந்த இடத்தில் விசிறியைச் சுற்றுகிற மோட்டாருக்குள் தண்ணீர் கசிந்திருக்கிறது. வெளியூரிலிருந்து சீல் வந்துசேர மாசக்கணக்காகும். அந்த அம்மாவுக்குச் சித்தப்பாவின் வாழைத்தோட்டம் ஞாபகம் வந்திருக்கிறது.

அன்றைக்கே மோட்டாரைப் பிரித்துவிட்டேன். தண்டு சுற்றுகிற இடத்தில் தண்ணீர் நுழையாமல் சீல் போட்டுக் கட்டுவதுதானே என் பிழைப்பு. மூன்றாம் நாள் வாளித் தண்ணீரில் முக்கி ஓடவிட்டுக் காட்டினேன். உள்ளே வைத்த காகிதம் நனையவில்லை. அந்த அம்மா காகிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, ஒத்திகை முடியுற வரைக்கும் நீங்க எங்ககூட அணைக்கு வந்திரணும்” என்றார். போவதற்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பார்க்கிறதை, கேட்கிறதை வெளியே ஒருவரிடமும் சொல்லக்கூடாது. பெண்டாட்டியிடமும் கூடாது.

வீட்டுக்குப் போய், “கொஞ்ச நாளைக்கு நான் மணிமுத்தாறு பக்கம் போவேன். என்ன ஏதுன்னு கேக்காத” என்றேன்.

“என்னத்தக் கேக்க? கப்பல்படை வண்டிக்கு மோட்டார் கட்டப் போறிய. கீரைக்காரி காலையிலயே சொல்லிட்டா.”

“அவளுக்கு யாருட்டி சொன்னா? அது ரகசியம்லா!”

“என்ன ரகசியம்? இருபத்தஞ்சு அடி நீளத்துக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சு, பட்டப்பகல்ல லாரியில ஏத்தி பஜார் வழியா கொண்டு போனாவ. தார்ப்பாய் எட்டாம வாலு வெளிய கிடந்துச்சு. டீக்கடையில உள்ளவன்லாம் எந்திரிச்சு நின்னு பாத்தானாம்.”

கையெழுத்துப் போட்டவன் நான் ஒருத்தன்தான். ஊரில் வேறு யாரும் போடவில்லை.

அணைக்கரையில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சட்டத்தின்மேல் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. முன்பக்கம் உருண்டையான மூக்கு, வால்பக்கம் மீனுக்கு இருப்பது போல நாலு செதில், அதற்கும் பின்னால் விசிறி. அதன் மூளை ஒரு கம்ப்யூட்டர். அந்த மூளைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுகிறவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு இன்ஜினியர். கண்ணாடி போட்டு, ஒல்லியாக, முப்பது வயது இருக்கும். மூன்று வேளையும் தயிர்சாதம். கரையில் எருமை வந்தால் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இந்த ஊரில் பெரியவர்களை அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சார் என்று சொல்லாமலும் அவருக்கு வாய் வராது. அதனால் என்னை “அண்ணாச்சி சார்” என்றே கூப்பிட்டார்.

அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. இந்த ஒத்திகை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊரில் மனைவிக்கு ஏழாம் மாதம். சாயங்காலமானால் அம்பாசமுத்திரம் வந்து எஸ்.டி.டி. பூத்தில் நிற்பார். அங்கே நின்று பேசிவிட்டு அப்படியே என் பட்டறைக்கு வருவார். ஒருநாள் அலமாரியில் வரிசையாக இருந்த மோட்டார்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன அண்ணாச்சி சார், எல்லா மோட்டாருக்கும் பொட்டு வெச்சிருக்கீங்க? போர்வெல் உள்ள யாரு பாக்கப் போறாங்க?”

“பாக்க வேண்டியவரு பாப்பாரு.”

“நான் என் புரோகிராமை நம்புறேன். அஞ்சு மீட்டர் ஆழத்துல போன்னா அஞ்சு மீட்டர்ல போகும். அதுக்கு எதுக்கு சாமியைத் தொந்தரவு பண்ணணும்?”

எனக்குச் சுருக்கென்றது. “உம்ம புரோகிராம் கைவிடுத இடத்துல என் பொட்டு காப்பாத்தும் வே. பாத்துக்கிட்டே இரும்” என்றேன்.

இந்த வார்த்தையைத்தான் பின்னால் நான் மென்று முழுங்க வேண்டி வந்தது.

முதல் பத்து நாள் வண்டியைக் கயிறு கட்டி ஓட்டினார்கள். அஞ்சு மீட்டர் ஆழத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தது. என் சீல் கசியவில்லை. தண்ணீருக்குள் இருக்கும்போது அது சத்தம் அனுப்பும். கரையில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியில் அதைக் கேட்கலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு ‘டிக்’. அஞ்சு மீட்டரில் இருந்தால் அஞ்சு டிக், கொஞ்சம் நிறுத்தி மறுபடி அஞ்சு டிக். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே கிடந்தால் டிக் வராது, ‘டீஈஈ’ என்று நீளமாக ஒரே இழுப்பு. இரண்டு நாளில் நானே அதன் பாஷையைப் படித்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் கயிறு இல்லாமல் ஓட்டுவதாக ஏற்பாடு. அதைப் பார்க்க வடக்கேயிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்றார்கள். கயிறு இல்லாமல் முதல்தடவை போகிறது என்றால், கன்னி ஓட்டம் என்றுதான் அர்த்தம். எங்கள் தொழிலில் கன்னி ஓட்டத்துக்குப் பொட்டு வைக்காமல் எதையும் தண்ணீரில் இறக்கமாட்டோம். ஆனால் அந்த அம்மா வேதக்காரர். எப்படிக் கேட்பது என்று எனக்குக் கூச்சம். விடிந்தும் விடியாமலும் ஆற்றில் முங்கிக் குளித்து, திருநீறு பூசி, வார்னிஷ் டப்பாவும் சந்தனமும் குங்குமமுமாக எல்லோருக்கும் முந்திக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

வண்டியின் மூக்குக்கு நேரே போய் நின்றேன். மூக்கின் நட்டநடு நுனியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு குழி இருந்தது. கடைசல் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு உருண்டைச் சாமானைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டுவதற்கு நடுமையம் பார்த்து ஒரு குழி குத்துவோம். வேலை முடிந்த பிறகும் அந்தக் குழி அப்படியே நிற்கும். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். ‘பார், சுவாமி எனக்காக இடம் குறித்தே வைத்திருக்கிறார்’ என்று உள்ளம் குளிர்ந்துபோயிற்று. குழி நிறையும்படி நன்றாக அழுத்தி, எட்டணா நாணயம் அளவுக்கு ஒரு பொட்டு வைத்தேன். திறந்த கதவு வழியாகக் கிழக்கே பார்த்து நின்ற வண்டி. வெயில் ஏற ஏறப் பொட்டு இறுகிக்கொண்டே வந்தது.

அந்த அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி, தூரத்தில் நின்றபடியே சிவப்பைப் பார்த்துவிட்டார். சிரித்தார்.

“நீங்க உங்க பங்கை முடிச்சிட்டிய. என் பங்கை நான் முடிக்கேன்” என்று கண்ணை மூடித் தலைகுனிந்து ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று, இனி இதற்கு என்ன குறை என்று நினைத்தேன்.

அதிகாரி பளபளவென்று வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூவோடு வந்தார். கரையில் எருமைச் சாணியைத் தாண்டித் தாண்டி நாற்காலிக்கு வந்துசேரவே அஞ்சு நிமிஷம் ஆயிற்று. தமிழ் தெரியாது. சிரிப்பும் தெரியாது போலிருந்தது.

மெட்ராஸ்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்து, “ஆழம் ஜீரோ காட்டுது. சரியா இருக்கு” என்றார். வண்டி கரையில் நிற்கும்போது பூஜ்ஜியம்தானே காட்ட வேண்டும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வண்டியைத் தண்ணீரில் விட்டார்கள். அஞ்சு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, ஒரு வட்டம் அடித்து, பத்து நிமிஷத்தில் சிவப்புக்கொடி நட்ட மிதவைக்குப் பக்கத்தில் மேலே வர வேண்டும். விசிறி சுற்றியது. மூக்கைத் தாழ்த்தி உள்ளே போயிற்று. நான் கையைக் கூப்பினேன்.

ஒலிபெருக்கியில் ‘டீஈஈ’ என்று வந்தது.

“இன்னும் இறங்கலையா?” என்றார் அம்மா.

“இறங்கிடுச்சே மேடம். கண்ணுக்கே தெரியலை” என்றார் மெட்ராஸ்காரர்.

‘டீஈஈ’ என்றது பெட்டி. வண்டி கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருந்துகொண்டு, நான் மேலேதான் இருக்கிறேன், மேலேதான் இருக்கிறேன் என்று சாதித்தது. கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தெளிந்த தண்ணீருக்குள்ளிருந்து சகதி குமிழ் குமிழாகக் கலங்கி வந்தது. பத்து நிமிஷமாயிற்று, இருபது நிமிஷமாயிற்று. மிதவைக்குப் பக்கத்தில் ஒரு கொக்குதான் வந்து நின்றது.

வண்டி தலைகுப்புற அணையின் அடிச்சகதியில் போய்க் குத்தி நிற்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு வழி இருந்தது. வண்டியின் வயிற்றில் ஓர் ஈயக்கட்டி மாட்டியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வண்டி மேலே வரவில்லை என்றால் அது தானே கழன்று விழும். பாரம் குறைந்ததும் வண்டி மிதந்து வரும். அதுவும் நடக்கவில்லை என்றால் கொச்சியிலிருந்து முக்குளிக்கிற ஆட்கள் வர வேண்டும்.

அதிகாரி அந்த அம்மாவிடம் என்னைக் காட்டி என்னவோ கேட்டார்.

“அண்ணாச்சி, சீல் வழியா தண்ணி போயிருக்குமான்னு கேக்காரு.”

எனக்கு வந்ததே கோபம்! “என் சீலா? அம்மா, அவர்ட்ட சொல்லுங்க. இந்த ஜில்லாவுல எத்தனை கிணத்துக்குள்ள என் சீல் கிடக்குன்னு கேக்கச் சொல்லுங்க. ஒரு சொட்டு போயிருந்தா இந்தத் தொழிலையே விட்டிருதேன். ஆத்துல முங்கி எந்திரிச்சு, பொய் பேசாம செய்யுத வேலைம்மா இது!”

“சொல்லிட்டேன் அண்ணாச்சி. தண்ணி உள்ள போனா வேற சத்தம் வரும், அது வரல. உங்க சீல்ல குறையில்லன்னுட்டேன்.”

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அதிகாரி மெட்ராஸ்காரர் பக்கம் திரும்பினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒருவனைத் திட்டுகிறதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷையும் தெரிய வேண்டாம். மெட்ராஸ்காரர் கட்டுக்கட்டாகக் காகிதத்தைப் புரட்டி, “எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்” என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில், ‘சாமியைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று சொன்னீரே வே’ என்று ஒரு குரலும் இருந்தது. அந்தக் குரலை நான் இப்போதும் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

புளியமரத்து நிழலில் அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. குற்றம் இல்லை என்று தீர்ப்பாகிவிட்ட ஆள் கேட்கிற தாராளத்தோடு நான் கேட்டேன்.

“அம்மா, தெரியாமத்தான் கேக்கேன். எவ்வளவு ஆழத்துல இருக்கோம்னு அந்த வண்டிக்கு எப்படித் தெரியும்?”

“அது லேசு அண்ணாச்சி. மூக்கு நுனியில நட்டநடுவுல ஊசி மாதிரி ஒரு ஓட்டை இருக்குல்லா? ஆழம் போகப் போக அது வழியா தண்ணி உள்ள அமுக்கும். எவ்வளவு அமுக்குதுன்னு பாத்து ஆழத்தைச் சொல்லிரும். அமுக்கலைன்னா மேலயே கிடக்கோம்னு நினைச்சுக்கிட்டு இன்னும் இறங்கு, இன்னும் இறங்குன்னு இறங்கிக்கிட்டே...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், “ஆனா நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு வயிற்றுக்குள் என்னவோ கழன்று விழுந்தது. ஈயக்கட்டி விழ இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எனக்கு அப்போதே விழுந்துவிட்டது.

நான் செய்த முதல் காரியத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மரத்துக்குப் பின்னால் போய், பாபநாசம் கோவில் இருக்கிற திசையைப் பார்த்துக் கையைக் கூப்பினேன். “சுவாமி, அது மேலே வரும்போது பொட்டு அழிந்து வரட்டும். இத்தனை வருஷம் நான் வைத்ததில் இந்த ஒன்றை மட்டும் கரைத்துவிடு” என்று கேட்டேன். அழியாத பொட்டு வைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், அது அழிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். என் வாயால்தான் கேட்டேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே மெட்ராஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை.

“அண்ணாச்சி சார், சாயங்காலம் மெட்ராஸுக்கு பஸ் எத்தனை மணிக்கு?”

“எதுக்குத் தம்பி?”

“என் புரோகிராம்லதான் தப்புன்னு அதிகாரி ரிப்போர்ட் எழுதப் போறாராம். இனிமே இங்க இருந்து என்ன பண்றது. வீட்ல என்ன சொல்றதுன்னுதான் தெரியலை.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நீங்க சொன்னீங்களே, புரோகிராம் கைவிடும்னு. கரெக்டாதான் சொல்லியிருக்கீங்க” என்றார்.

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அதிகாரியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். அந்த அம்மாவையும் கூப்பிட்டேன்.

“அம்மா, நான் பேசுததை அவர்ட்ட அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை விடக் கூடாது” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். நான் தொழில் கற்றுக்கொண்டதிலிருந்து சொன்னேன். சந்தனம் கரைவதைப் பார்த்து மனசு கேளாமல் வார்னிஷில் குழைத்தது, மோட்டார் மேலே வந்தபோது பொட்டு இருந்தது, காலையில் ஆற்றில் முங்கியது, கடைசல் குழி என்று நினைத்தது, அழுத்தி வைத்தது, கண்ணீர்விட்டது, இந்தத் தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது, எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது, எல்லாவற்றையும் சொல்லி முடிக்க ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த அம்மா அதிகாரி பக்கம் திரும்பி ஒரே ஒரு வரி சொன்னார்.

“அவ்வளவுதானாம்மா?” என்றேன்.

“அவ்வளவுதான் அண்ணாச்சி. ‘இவர் மூக்கை அடைச்சிட்டார்’னு சொன்னேன்.”

அதிகாரி என்னை நெற்றித் திருநீற்றிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். அதற்குள் என் பக்கத்தில் ஒரு கூச்சல். “ஜீரோ! அதான் ஜீரோ! மேடம், என் புரோகிராம் கரெக்ட்!” என்று மெட்ராஸ்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த அணைக்கரையில் என் பாவத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. நிதானமாக என்னவோ சொன்னார். அம்மா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “இந்தத் தம்பியைக் காப்பாத்த நீங்களா சொல்லுத கதையா இருக்கலாம்ங்காரு. பொட்டு ரெண்டு மணி நேரம் தண்ணிக்குள்ள நிக்காதாம். வண்டி வரட்டும், மூக்குல பொட்டு இருந்தா நம்புதேன், இல்லைன்னா தம்பி மேலதான் எழுதுவேன்ங்காரு.”

ஐயையோ என்றிருந்தது. பொட்டைக் கரைத்துவிடு என்று சற்று முன்னால்தானே மனுப் போட்டுவிட்டு வந்திருந்தேன்! மறுபடி புளியமரத்துக்குப் பின்னால் ஓடினேன். “சுவாமி, முதலில் கேட்டதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. பயத்தில் கேட்டுவிட்டேன். அந்தப் பொட்டு அப்படியே இருக்கட்டும். ஒரு துளிகூடக் கரையக் கூடாது” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு வேண்டுதலும் போய்ச் சேர்ந்தால் எதை எடுத்துக்கொள்வார் என்று கவலை வந்துவிட்டது. முதலில் வந்ததைத்தானே ஆபீஸில் முதலில் பார்ப்பார்கள்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. வண்டி வரவில்லை. அஞ்சு நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. மெட்ராஸ்காரரின் முகம் மறுபடி வெளுத்தது. அதிகாரி எழுந்து தொப்பியை எடுத்தார்.

“அம்மா, அவரை உக்காரச் சொல்லுங்க” என்றேன். இது எனக்குத் தெரிந்த விஷயம். “போர்வெல்லுல மோட்டார் சகதியில மாட்டுனா அப்படித்தான். ஈயம் விழுந்திருக்கும். ஆனா சகதி உடனே விடாது. பைய பையத்தான் விடும். பொறுத்துக்கிட்டா தானா வரும்.”

அவர் உட்கார்ந்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கால் மணி நேரம் இருக்கும். ஒலிபெருக்கியில் ‘டீஈஈ’ என்ற சத்தம் கொஞ்சம் பலமாயிற்று. கலங்கிய இடத்தில் குமிழ் குமிழாக வந்தது. பிறகு வால்பக்கம் முதலில், நாலு செதிலோடு, மஞ்சளாக மேலே வந்தது. கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர்கூடக் கை தட்டினார். ரகசியம் என்று அவரிடமும் யாரும் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை.

படகில் போய்க் கட்டி இழுத்து வந்தார்கள். மூக்கு முழுக்க ஒரு சாண் கனத்துக்குக் கறுப்புச் சகதி அப்பியிருந்தது. அதிகாரி வெள்ளை ஷூவோடு தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்றார். நான்தான் குனிந்து தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். சகதி வழிந்து இறங்க இறங்க, நட்டநடுவில் சிவப்பாக, எட்டணா அளவுக்கு, விளிம்புகூடச் சிதையாமல் இருந்தது. நானே வைத்த பொட்டு. என்னைப் பார்த்து நீதானே வைத்தாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அதிகாரி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. சாவியால் சுரண்டினார். வரவில்லை. கைக்குட்டையில் என்னவோ எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தார். கைக்குட்டைதான் சகதியில் கறுத்தது. அவர் வாயோரம் முதல்தடவையாகக் கொஞ்சம் அசைந்தது. அம்மாவிடம் என்னவோ கேட்டார்.

“தம்பி மேல எழுத மாட்டாராம். இது என்ன கலவைன்னு கேக்காரு அண்ணாச்சி. அவங்க கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டு இவ்வளவு பிடிக்கிறதில்லையாம்.”

நான் கலவையைச் சொன்னேன். இந்தத் தடவை அம்மா ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அவர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். நாட்டுக்கு என்னால் ஆன உபகாரம் அது ஒன்றுதான்.

ஊசித் துரப்பணத்தால் அந்த ஓட்டையைத் திறந்து கொடுக்கவே எனக்கு அன்று பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் கொட்டகைக்கு வெறுங்கையோடு போனேன். டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மெட்ராஸ்காரர் எனக்கு முந்தியே வந்திருந்தார். வாலுக்கு மேல், எந்த ஓட்டைக்கும் எந்த மூடிக்கும் பக்கத்தில் இல்லாத இடத்தில், சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

“இங்க வைங்க அண்ணாச்சி சார்.”

“வேண்டாம் தம்பி. எனக்குப் பயமா இருக்கு.”

“நேத்து நீங்க சொல்லலைன்னா நான் இந்நேரம் பஸ்ல இருப்பேன். வைங்க. ஆனா முதல்ல எவ்வளவு எடைன்னு சொல்லுங்க. வால்ல பாரம் ஏறுனா கணக்குல சேர்க்கணும்.”

வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்து, பஜாரில் நகைக்கடைக்காரரை எழுப்பி, தங்கம் நிறுக்கிற தராசில் ஒரு பொட்டை நிறுத்துக்கொண்டு வந்து சொன்னேன். அவர் அதை நிஜமாகவே எழுதிக்கொண்டார். பொட்டு வைத்தேன். அம்மா கண்ணை மூடி ஜெபித்தார். வண்டி உள்ளே போயிற்று. பெட்டி அஞ்சு டிக் அடித்தது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி அஞ்சு டிக். பத்தாவது நிமிஷத்தில் சிவப்புக்கொடிக்குப் பக்கத்தில் மேலே வந்தபோது அந்தக் கொக்கு பறந்து போயிற்று.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி சோற்றைப் போட்டுக்கொண்டே, “மூக்கைப் பொத்திட்டியளாமே?” என்றாள். கீரைக்காரி எங்கே கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

“அந்த மெட்ராஸ் தம்பிக்கு வேலை போகாம நீங்களே போயி சொன்னியளாமே, அதையும் சொன்னா” என்று இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.

சித்திரை கழிந்து மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டதாம். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். கடைசியில் நுணுக்கி நுணுக்கி இப்படி எழுதியிருந்தார்: ‘குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு நானேதான் வைக்கிறேன், அண்ணாச்சி சார். கன்னத்தில். மூக்குப் பக்கம் போவதில்லை.’